யானையும் மூன்று கிராம்பும் கேடயத்தில் ஏறிய கதை

போன வருடம் அக்டோபரில் தொட்ட வேலை இந்த ஜூனில்தான் முடிந்தது. ஒரு கேடயம். அகலம் 50 சென்டிமீட்டர், உயரம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல், கால் அங்குல ப்ளைவுட், அதன்மேல் பச்சை, வெள்ளை, மஞ்சள், கறுப்பு என நாலே பெயின்ட். பார்த்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடித்துவிடலாம் போலத்தான் இருக்கிறது. அதற்கு ஏன் எட்டு மாதம் ஆயிற்று, அதில் பாதி நாள் அடுத்தவர்கள் வரைந்து வைத்த யானைகளைப் பார்ப்பதிலேயே ஏன் போயிற்று என்று எழுதி வைக்கிறேன். அடுத்து இதில் இறங்குகிறவர் புதிதாக வேறு தப்புகள் செய்துகொள்ளட்டும்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். கூட வேலை பார்க்கிறவர் ஒருவர் சனிக்கிழமை சாப்பாட்டுக்கு வா என்று சொல்லி ஒரு சர்ச் அரங்கத்துக்குக் கூட்டிப் போனார், அங்கே அறுபது எழுபது பேர் இடைக்கால ஐரோப்பிய உடையில் உட்கார்ந்து பார்லி கஞ்சி மாதிரி ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம், சுருக்கமாக எஸ்.சி.ஏ. 1966 மே மாதம் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் நண்பர்கள் கூடிய விருந்தாகத் தொடங்கியது. இப்போது பல நாடுகளில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய சமையல், தையல், பிரம்பு வாளால் சண்டை எல்லாவற்றையும் வெறுமனே படித்துக்கொண்டிருக்காமல் கையால் செய்து பார்க்கிற கூட்டம். நான் சமையலுக்காகத்தான் போனேன். போனவனை உனக்கென்று ஒரு சின்னம் பதிவு செய்துகொள் என்று பிடித்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊர்க் குழுவில் ஹெரால்டு, அதாவது சின்னங்களைச் சரிபார்த்துப் பதிவுக்கு உதவுகிற வேலை பார்க்கிற அம்மா ஓய்வு பெற்ற நூலகர். முதல் நாளே நான் போனில் ஒரு யானைப் படத்தைக் காட்டி இதைப் பதிவு செய்ய முடியுமா என்று கேட்டேன். படத்தை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, அதை வாயால் சொல்லு என்றார். அப்போது புரியவில்லை. ஐரோப்பியக் கேடயச் சின்னங்கள் சொற்களில்தான் வாழ்கின்றன. சிவப்புக் களம் (களம் என்றால் பின்னணி), அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பொன் சிங்கங்கள், நடந்தபடி முகத்தை நம் பக்கம் திருப்பியவை: இவ்வளவு சொன்னால் அது இங்கிலாந்து அரசரின் சின்னம். சிங்கத்தின் வால் எப்படி வளைந்திருக்கிறது, பிடரிமயிர் எத்தனை சுருள் என்பதெல்லாம் வரைகிறவர் இஷ்டம். 13ஆம் நூற்றாண்டுத் துறவி வரைந்தாலும் என் பத்து வயதுப் பெண் வரைந்தாலும் சொல் பொருந்தினால் அதே சின்னம்தான். இந்த வர்ணனைக்கு ப்ளேஸன் என்று பெயர்.

இதனால்தான் பகிர்ந்துகொள்ளும் கோட்டுப்படத் தொகுப்பு என்று ஒன்று இருக்கவே முடிகிறது. லோகோவாக இருந்தால் ஒருவர் படத்தை இன்னொருவர் எடுப்பது திருட்டு. இங்கே ஒரே சிங்கத்தை நூறு பேர் ட்ரேஸ் செய்து நூறு வேறு வேறு கேடயங்களில் போடலாம். களத்தின் நிறம், சிங்கத்தின் நிறம், கூட என்ன இருக்கிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். பென்சில்வேனியாவில் 1972இலிருந்து நடந்துவரும் பென்சிக் என்ற கோடைக்கால முகாமில் ஹெரால்டுகளுக்குத் தனிக் கூடாரம் உண்டு, வருகிறவர்கள் அங்கேயே உட்கார்ந்து தங்கள் சின்னத்தை வடிவமைத்துப் படிவம் நிரப்புவார்கள். எல்லோருக்கும் கரடி வரையத் தெரியுமா? தெரியாது. அதனால் பழைய கையெழுத்துப் பிரதிகளிலிருந்தும் மரச்செதுக்குப் புத்தகங்களிலிருந்தும் சிங்கம், கரடி, சாவி, கோபுரம் என்று சுத்தமான கறுப்புக் கோட்டில் வரைந்து, ட்ரேஸ் எடுக்க வசதியாகத் தொகுத்து வைத்தார்கள். அதெல்லாம் பிறகு எஸ்விஜி, பிஎன்ஜி கோப்புகளாக இணையத்துக்கு வந்துவிட்டது. இது போக விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுப் படக் கிடங்கில் ஏராளம், கேடயச் சின்னங்களுக்கென்றே வாப்பென்விக்கி என்ற தளம் தனியாக ஒன்று.

உரிமத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள், நான் பார்க்கவில்லை. காமன்ஸில் ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு நிபந்தனை. சிலது பொதுச்சொத்து, சிலதற்கு வரைந்தவர் பெயர் போட்டு அதே உரிமத்தில் பகிர வேண்டும். வாப்பென்விக்கி படங்களை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. கேடயத்தில் வரைந்து வீட்டில் மாட்டினால் யாரும் கேட்கப் போவதில்லை, அதையே டி-ஷர்ட்டில் போட்டு விற்றால் கதை வேறு. நான் தரவிறக்கிய முதல் முப்பது கோப்புகளுக்கு யானை1, யானை2, யானைகடைசி, யானைகடைசிநிஜம் என்று பெயர் வைத்துவிட்டு, எது எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு தேட இரண்டு நாள் ஆயிற்று. இப்போதெல்லாம் கோப்பின் பெயரிலேயே மூலப் பிரதி, ஆண்டு, உரிமம் மூன்றையும் போட்டுவிடுகிறேன்.

சரி, வடிவமைப்பு. என் முதல் யோசனை சிவப்புக் களத்தில் கறுப்பு யானை. யானை கறுப்புதானே. இன்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் போட்டால் திரையில் பிரமாதமாக இருந்தது. ஹெரால்டு அம்மா ஒன்றும் சொல்லாமல், இதை உள்ளங்கை அளவு அச்சடித்து கராஜ் கதவில் ஒட்டி முப்பது அடி தள்ளி நின்று பார் என்றார். நின்றேன். சிவப்பில் ஒரு அழுக்கு தெரிந்தது. இந்தத் துறையில் நிறங்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்கிறார்கள். பொன்னும் வெள்ளியும் உலோகம். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா எல்லாம் நிறம். நிறத்தின்மேல் நிறத்தையும் உலோகத்தின்மேல் உலோகத்தையும் வைக்கக் கூடாது. ஜெருசலேம் அரசின் சின்னத்தில் வெள்ளிக் களத்தில் பொன் சிலுவைகள் இருக்கிறதே என்று நான் புத்திசாலித்தனமாகக் கேட்டேன், நீ ஜெருசலேமுக்கு ராஜாவா என்று பதில் வந்தது. பொன் என்பதற்கு மஞ்சள் பெயின்ட் போதும், வெள்ளி என்றால் சாதாரண வெள்ளை. மினுங்குகிற தங்க பெயின்ட் வாங்கி ஒரு சிறு பலகையில் அடித்துப் பார்த்தேன், வெயிலில் சரி, நிழலுக்கு வந்தால் காய்ந்த கடுகுச் சட்னி நிறம்.

அடுத்தது சிவப்பில் வெள்ளி யானை. இது எடுபட்டது, ஆனால் தேடிப் பார்த்தால் தெற்கு ஜெர்மனியில் ஸ்வாபியாவின் ஹெல்ஃபென்ஸ்டைன் பிரபுக்கள் பல நூற்றாண்டுக்கு முன்பே அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்: சிவப்புக் களம், பொன்னில் மூன்று குன்று, அதன்மேல் வெள்ளி யானை. ஏன் யானை? பழைய ஜெர்மனில் ஹெல்ஃபன்ட் என்றால் யானை, அவ்வளவுதான், பெயரை வைத்து ஒரு சிலேடை. அந்தக் குடும்பத்தோடு தொடர்புள்ள ஊர்ச் சின்னங்களில் இன்றும் யானை உண்டு. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரச் சின்னத்திலும் யானை, முதுகில் கோட்டையோடு. போர்யானையின் அம்பாரி பற்றிய பேச்சு அங்கே போய்ச் சேருவதற்குள் கல் கோபுரமாக வளர்ந்துவிட்டது.

அடுத்தவன் சின்னத்தோடு மோதுவதை இந்தக் கூட்டம் ரொம்பத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறது, அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1385இல் இரண்டாம் ரிச்சர்டின் ஸ்காட்லாந்துப் படையெடுப்பில் ஸ்க்ரோப், க்ரோவ்னர் என்ற இரண்டு பேர் ஒரே சின்னத்தோடு வந்து நின்றார்கள், நீலக் களத்தில் குறுக்கே சாய்ந்த ஒரு பொன் பட்டை. வழக்கு 1390 வரை இழுத்தது, சாட்சிகள் மட்டும் நூற்றுக்கணக்கில், அதில் ஒருவர் கவிஞர் சாசர். ஸ்க்ரோப் ஜெயித்தார். தோற்றவர் நீலத்தில் பொன் கதிர்க்கட்டு ஒன்றை வைத்துக்கொண்டார். ஒரு சாய்ந்த பட்டைக்கு ஐந்து வருடம்! நான் எட்டு மாதத்துக்கு அலுத்துக்கொள்கிறேன்.

எஸ்.சி.ஏ. கணக்கில், ஏற்கெனவே பதிவானதோடு ஒப்பிடும்போது அடிப்படையிலேயே ஒரு பெரிய மாற்றம் வேண்டும், இல்லாவிட்டால் எண்ணக்கூடிய இரண்டு தனித்தனி மாற்றங்கள் வேண்டும். பச்சையில் வெள்ளி யானை என்று மட்டும் போட்டால் கிட்டத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தது. மேலே ஒரு பட்டை சேர்த்தால் ஒன்று, பட்டையின்மேல் ஏதாவது உருவம் வைத்தால் இன்னொன்று. பட்டைக்குப் பொன். அதன்மேல் என்ன வைப்பது என்று அடுக்களையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது அஞ்சறைப்பெட்டி திறந்திருந்தது.

கிராம்பு. லண்டன் மளிகை வணிகர் சங்கத்தின் கேடயத்தில் ஒன்பது கறுப்புக் கிராம்பு உண்டு, அவர்கள் முதலில் மிளகு வணிகர் சங்கமாக இருந்து பிற்பாடு பெயர் மாறியவர்கள். ஆங்கிலத்தில் கிராம்புக்கு வந்த பெயரே ஆணி என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தொகுப்பில் தேடினேன், கிராம்பு ஒன்றிரண்டுதான் கிடைத்தது, அதிலும் ஒன்று பூ மாதிரி, இன்னொன்று நிஜமாகவே ஆணி மாதிரி. நம் வீட்டுக் கிராம்பு ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்து, மேலே பூதக்கண்ணாடி பிடித்துப் பார்த்தால் தண்டு, நுனியில் விரிந்த நாலு பல், நடுவில் மூடிய மொட்டு. ஆக வர்ணனை முடிவாயிற்று: பச்சைக் களம், அதில் வெள்ளி யானை, மேலே பொன்பட்டையில் மூன்று கருங்கிராம்பு. ஹெரால்டு மொழியில் வெர்ட், ஆர்ஜென்ட், ஓர், சேபிள். வாயால் சொன்னேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, இப்போது எனக்குத் தெரிகிறது என்றார்.

இனிதான் யானை வேட்டை. தொகுப்புகளில் யானைக்குப் பஞ்சமில்லை, ஆனால் யானையைப் பார்த்தவன் வரைந்த யானைக்குத்தான் பஞ்சம். ஒன்றுக்குத் தும்பிக்கை எக்காளம் மாதிரி வாயில் விரிந்திருக்கிறது. ஒன்றுக்குக் காட்டுப்பன்றித் தந்தம், மேல்நோக்கி. பலதுக்குக் காது நாய்க்காது. கால்கள் நான்கும் தூண், முழங்காலே கிடையாது, ஏனென்றால் யானைக்கு மூட்டு இல்லை, அது மரத்தில் சாய்ந்துதான் தூங்கும், வேடன் மரத்தைப் பாதி அறுத்து வைத்தால் சாய்ந்ததும் விழுந்துவிடும் என்று அன்றைய விலங்குக் கதைகள் சொல்லின. என் மனைவி எட்டிப் பார்த்து, என்னங்க இது, பன்றிக்கு ஓஸ் பைப் மாட்டியிருக்கு என்றாள். இன்னொரு பக்கம், நவீனமாக யாரோ வரைந்து போட்ட யானைகள்: அழகான நிழல், சரியான காது, அப்படியே மிருகக்காட்சிசாலைப் பலகையிலிருந்து இறங்கி வந்தது போல. அதைக் கேடயத்தில் வைத்தால் கேடயமே சுற்றுலாத் துறை விளம்பரம் ஆகிவிடுகிறது. மூலம் என்ன, எந்த ஆண்டு என்று குறிப்பு இருக்கிற படங்களை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தபின் பட்டியல் ஏழாகச் சுருங்கியது. அதில் ஒன்று, 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் செதுக்குப் படம் ஒன்றைப் பார்த்து யாரோ பொறுமையாகக் கோடாக்கியது, அதை எடுத்தேன்.

பழைய செதுக்குப் படங்களில் ஒரு விஷயம். நான் எடுத்ததன் மூல ஸ்கேனில் யானையின் வயிற்றில் சின்னதாக ஒரு டபிள்யூ மாதிரி எழுத்து இருந்தது. கறை என்று நினைத்து அழித்தேன். அது வெள்ளை என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்தாம். கறுப்பு வெள்ளையில் அச்சடிக்கும்போது எந்த இடம் எந்த நிறம் என்று அப்படிக் குறித்து வைப்பார்கள். பின்னால் 1638இல் சில்வெஸ்டர் பெத்ரா சாங்தா என்ற ஏசு சபைப் பாதிரியாரின் நூல் மூலம் பரவிய முறையில் புள்ளி என்றால் பொன், செங்குத்துக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், இடது மேலிருந்து வலது கீழே போகும் சாய்கோடு பச்சை, குறுக்கும் நெடுக்குமான கட்டம் கறுப்பு. 19ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களிலிருந்து எடுத்த கோட்டுப்படங்களில் இது நிறைய வரும், அழகுக்குப் போட்ட கோடு என்று நினைத்து அப்படியே ட்ரேஸ் செய்துவிடாதீர்கள். எங்கள் குழுவில் ஒருவர் வாள் உறை முழுக்கப் புள்ளி வைத்துத் தைத்திருக்கிறார், இப்போது யாராலும் அவரிடம் சொல்ல முடியவில்லை.

இன்க்ஸ்கேப்பில் திறந்ததும் வந்த முதல் தொல்லை, கோடு என்று கண்ணுக்குத் தெரிகிறதெல்லாம் கோடே இல்லை. ஸ்கேனை மென்பொருள் வழியே ட்ரேஸ் செய்தவை, ஆகவே ஒவ்வொரு கோடும் கறுப்பு நிரப்பிய ஒரு மெல்லிய உருவம். தடிமனை மாற்ற முடியாது, படத்தைப் பெரிதாக்கினால் கோடும் பருக்கும். யானையை மூன்று மடங்கு பெரிதாக்கினேன், கிராம்பைப் பாதியாகச் சுருக்கினேன், விளைவு யானைக்குக் கரிக்கட்டையில் வரைந்த கோடு, கிராம்புக்கு மயிரிழை. மூன்று கைகள் வரைந்தது என்பது முப்பது அடியிலிருந்தே தெரிந்தது. தொகுப்பிலிருந்து எடுத்து ஒட்டிய சின்னங்களைப் பார்த்த உடனே கண்டுபிடிக்க முடிவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

சரி செய்த விதம்: படத்தை பிட்மேப்பாக்கி, ட்ரேஸ் பிட்மேப் பெட்டியில் சென்டர்லைன் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் கோட்டின் நடுவழியே ஒரே பாதை கிடைக்கும், அதற்கு நம் இஷ்டப்படி தடிமன் கொடுக்கலாம். கிடைத்தது முடிச்சு முடிச்சாக இருந்தது, கன்ட்ரோல்-எல் அடித்து எளிமையாக்கினேன், ஒரு தடவை போதும், நான் நாலு தடவை அடித்ததில் யானை உருளைக்கிழங்கு ஆகிவிட்டது. தோல் சுருக்கத்துக்குப் போட்டிருந்த நுண்கோடுகளை முக்கால்வாசி தூக்கினேன். கண், காதின் விளிம்பு, கால் நகங்கள், தந்தம், இவ்வளவுதான் உள்ளே மிச்சம். யானைக்கும் கிராம்புக்கும் கேடய விளிம்புக்கும் ஒரே தடிமன்.

வெள்ளை நிரப்பவும் ஒரு வழி வேண்டும். யானை வெறும் கோடு, உள்ளே ஒன்றும் இல்லை, பின்னால் பச்சை வைத்தால் யானையும் பச்சை. வாளி கருவியால் ஊற்றிப் பார்த்தேன், வால் பக்கம் எங்கோ ஒரு மயிரிழை இடைவெளி, மொத்தமும் வெளியே கொட்டியது. அதனால் பழைய உருவக் கோட்டின் நகல் ஒன்றை எடுத்து, ஒன்றாக இணைத்து, கன்ட்ரோல்-ஷிஃப்ட்-கே அடித்துத் துண்டு துண்டாகப் பிரித்து, உள்ளே இருக்கிற ஓட்டைத் துண்டுகளை அழித்துவிட்டால் வெளிவிளிம்பு மட்டும் ஒரு முழு நிழலுருவாக நிற்கும். அதற்கு வெள்ளை கொடுத்து எண்ட் விசையால் அடியில் தள்ளி, பச்சைக்கு மேல் கொண்டுவந்தால் முடிந்தது. தந்தத்துக்கும் தும்பிக்கைக்கும் நடுவே இருக்கிற சந்து மட்டும் நிஜ ஓட்டை, அதையும் அழித்துவிட்டேன், பிறகு திரும்பக் கொண்டுவந்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் படம் சரியாக உட்காரவில்லை. சிங்கம் ஏன் எப்போதும் எழுந்து நின்று காற்றைப் பிராண்டிக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது: கேடயம் உயரவாக்கில் நீளம், நிற்கிற சிங்கம் மூலை முடுக்கெல்லாம் நிரப்பும். யானை அகலவாக்கில் நீளம். நல்லவேளை மேல்பட்டை வந்ததால் மிச்ச இடம் கொஞ்சம் சதுரமாயிற்று. ஆனாலும் கீழே கூர்நுனியில் பச்சை வெறிச்சென்று கிடந்தது, யானை நடுவானில் மிதந்தது. ஹெல்ஃபென்ஸ்டைன்காரர்கள் மூன்று குன்று வைத்தது இதற்குத்தானோ என்று ஒரு சந்தேகம், குன்று போட்டால் நுனி தானாக நிரம்பிவிடுகிறது. எனக்கு வர்ணனையில் இன்னொரு சொல் சேர்க்க மனமில்லை. பழைய பிரதிகளின் டிஜிட்டல் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன், ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் இருக்கிற மானெஸ்ஸே கையெழுத்துப் பிரதி, 14ஆம் நூற்றாண்டு, அதில் கேடயத்தில் ஏறிய உருவங்கள் அந்தக் கேடயத்துக்கென்றே பிறந்த மாதிரி வளைந்து நெளிந்து இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. தொகுப்புப் படம் என்பது தைக்காத துணி. நானும் வெட்டினேன். பின்னங்கால்களை முன்னால் தள்ளி நான்கு கால்களையும் நெருக்கினேன், கீழே கேடயம் குறுகுவதற்குத் தோதாக. முதுகை உயர்த்தினேன். தும்பிக்கையை எஸ் வடிவில் முன்னால் நீட்டி இடது பக்கக் காலியிடத்தை அடைத்தேன். உடம்பின் நீளம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இப்போது அது நிஜ யானையிலிருந்து இன்னும் தூரம் போய்விட்டது, கேடயத்துக்கு இன்னும் கிட்டே வந்துவிட்டது.

படிவத்துக்கு ஒரு கோட்டுப்படம், ஒரு வண்ணப்படம். அச்சடித்த பச்சை நீலமாக வந்தது. மகளின் மார்க்கர் பெட்டியை எடுத்துக் கையாலேயே வண்ணம் அடித்தேன், ஹெரால்டுகள் அதைத்தான் விரும்புகிறார்கள், வருடக்கணக்கில் நிறம் குழப்பமில்லாமல் இருக்குமாம். அனுப்பிவிட்டு மரவேலை.

கேடய வடிவத்துக்குச் சூத்திரம் சுலபம். ப்ளைவுட்டின் மேல் விளிம்பில் 50 சென்டிமீட்டர் குறித்து, இரு பக்கமும் நேராக 12 சென்டிமீட்டர் இறங்குங்கள். இறங்கிய இடது புள்ளியில் ஆணி அடித்து, 50 சென்டிமீட்டர் நூலில் பென்சில் கட்டி, வலது புள்ளியிலிருந்து கீழ்நோக்கி வில் போடுங்கள். வலது புள்ளியில் ஆணி அடித்து இடப்பக்கமிருந்து இன்னொன்று. இரண்டும் 43 சென்டிமீட்டர் கீழே சந்திக்கும், மொத்த உயரம் 55. ஜிக்சாவில் வெட்டி, விளிம்பைத் தேய்த்து, பெயின்டுக்கு அடியில் பூசும் ஜெஸ்ஸோ என்ற வெள்ளைப் பூச்சு இரண்டு கோட். மேல்பட்டைக்கு 15 சென்டிமீட்டர் ஒதுக்கினேன், மூன்றில் ஒரு பங்கு என்று புத்தகத்தில் சொல்வார்கள், அப்படிக் கொடுத்தால் யானைக்குத் தலை இடிக்கும்.

படத்தை போஸ்டர் முறையில் ஆறு தாளாக அச்சடித்து ஒட்டி, பின்பக்கம் பென்சில் கரியைத் தேய்த்து, பலகைமேல் வைத்துக் கோட்டின் மேல் அழுத்தி வரைந்தால் கரி பதியும். நான் கரியை அச்சடித்த பக்கத்திலேயே தேய்த்துத் தொலைத்தேன், பரவாயில்லை என்று தாளைத் திருப்பிப் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பின்னாலிருந்து தெரிந்த கோட்டையே மறுபடி வரைந்து பதித்தேன். வெள்ளை அடித்து, பச்சை அடித்து, கறுப்பு விளிம்பு போட்டு, இரண்டு வார இறுதி போனபின் சுவரில் சாய்த்து வைத்தால் யானை வலது பக்கம் பார்க்கிறது. விலங்குகள் கேடயம் ஏந்தியவனின் வலப்பக்கம், அதாவது எதிரே நிற்கிற நமக்கு இடப்பக்கம் பார்க்க வேண்டும், வேறு மாதிரி சொல்லாதவரை. கேடயத்தைக் கையில் மாட்டி முன்னேறினால் என் யானை எனக்குப் பின்னால் ஓடப் பார்க்கிறது. மகளுக்கு ஒரே சிரிப்பு. மணல்தாளால் தேய்த்தேன். கிராம்புகளுக்கு இடம் வலம் கிடையாது என்பதால் அவை பிழைத்தன, பொன்பட்டையும்.

கிராம்பு என்றதும் சொல்ல வேண்டியது, தொகுப்பில் நல்ல கிராம்பு இல்லாததால் நான் வரைந்ததைச் சுத்தப்படுத்தி அங்கேயே போட்டுவிட்டேன். லண்டன் வணிகர்களின் சின்னத்தில் வருகிற வடிவத்தை வைத்துக் கோட்டமைப்பு, பல்லின் விரிவுக்கு மட்டும் வீட்டுக் கிராம்பு என்று குறிப்பில் எழுதினேன். ஒரே தடிமனான உண்மையான கோடு, தனி அடுக்கில் நிழலுரு, எந்த நிறமும் நிரப்பாமல். வாளிக் கருவியால் ஊற்றினாலும் கொட்டாது, நான் சோதித்தேன். ஏப்ரலில் ஒரு நிகழ்ச்சியில் யாரோ ஒருவரின் கூடாரக் கொடியில் அதைப் பார்த்தேன், நீலத்தில் பொன்னாக ஆறு கிராம்பு, எல்லாம் தலைகீழாக. கேட்டால் விளக்குமாறு என்று நினைத்தாராம்.

மே மாதக் கடைசியில் பதிவு முடிந்த கடிதம் வந்தது. படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் எழுதியிருந்த வர்ணனையில் மட்டும் ஒரு சொல்லை இடம் மாற்றியிருந்தார்கள். ஜூன் முதல் வாரம் வார்னிஷ் அடித்து ஹாலில் மாட்டினேன்.

மாட்டின பிறகுதான் மாத்யூ பாரிஸ் வரைந்த யானை கண்ணில் பட்டது. 1255இல் பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் லூயி இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றிக்கு ஒரு யானையைப் பரிசாக அனுப்பினார், அதை லண்டன் டவரில் வைத்திருந்தார்கள், துறவி மாத்யூ பாரிஸ் அதைப் பார்த்து வரைந்தார். அந்தப் பிரதி கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. முழங்கால் மூட்டு தெளிவாக இருக்கிறது. இத்தனை மாதம் தூண்கால் யானையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், நான் எடுத்த அந்த ஜெர்மன் செதுக்குப் படத்துக்குச் சுமார் முந்நூறு வருடம் முன்பே ஒருவர் சரியாக வரைந்து வைத்திருக்கிறார், என் தேடலில் அது வரவில்லை, காரணம் அது கேடயத்தில் இல்லை.

அதை வைத்து இன்னொரு யானையைக் கோடாக்க ஆரம்பித்திருக்கிறேன். மூட்டு வரும், மத்தகத்தின் இரண்டு மேடும் வரும், அதை நான் கோயில் யானைகளைப் பார்த்த ஞாபகத்தில் போடுகிறேன். பதிவான சொல் மாறாததால் புதுப் படிவம் எதுவும் வேண்டாம் என்று ஹெரால்டு அம்மா சொன்னார். மணல்தாள் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது.